வருகைக் குறைவு

செம்பியநல்லூர்,
12-1-1972

அன்புள்ள அப்பாவுக்கு இராஜாங்கம் எழுதிக்கொண்டது.

அரைப்பரீட்சை லீவுக்கு அம்சத்தைக் கூட்டிக்கொண்டு போகும்போது, "ரெண்டு நாள் முன்னப் பின்ன ஆகும், அனுப்பிடுறேன்" என்று சொன்னீர்கள். பள்ளிக்கூடம் மூன்றாம் தேதி திறந்துவிட்டது. இன்று பன்னிரண்டு. தினமும் காலையில் நான்தான் பதினோராம் வகுப்பில் பெயர் கூப்பிடுகிறேன். "அம்சம்" என்று கூப்பிட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்தும் ஒரு நிமிஷம் பொறுத்து, ரிஜிஸ்டரில் என் கையாலேயே 'வ' என்று போடாமல் கோடு இழுக்கிறேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

குறுவை அறுப்பின்போது அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பதினோரு நாள் போயிற்று. அதோடு இதையும் கூட்டினால், எஸ்.எஸ்.எல்.சி. எழுத அனுமதிக்கும் அளவுக்கு வருகை இருக்காது. மார்ச் இருபதாம் தேதி பரீட்சை. கணக்கில் அவள் இன்னும் நாற்பதைத் தாண்டவில்லை. நான் உடன் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் தாண்டிவிடுவாள். அதற்குத்தானே தங்கையை என்னோடு வைத்துக்கொண்டேன்.

அங்கே அறுப்பு நிறுத்தம் என்று கேள்விப்பட்டேன். பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றி என்னிடம் யாரும் பேசுவதில்லை. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. அவளை உடனே பஸ் ஏற்றிவிடுங்கள்.

இராஜாங்கம்


கீழ நத்தமங்கலம்,
18-1-1972

மகன் இராஜாங்கத்துக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி இல்லை. அம்மா எப்படி என்றும் இல்லை. பொங்கலுக்கு ஏன் வரவில்லை என்றும் இல்லை. வாத்தியார் யாரோ ஒரு பையனின் அப்பனுக்கு எழுதிய மாதிரி இருந்தது. அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்றாள்.

அறுப்பு நின்று பதினாறு நாள். பண்ணையார் இளையபெருமாள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். கூடவே போலீஸ். பதினைந்து ஏக்கருக்கு மேல் யாரும் வைத்திருக்கக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அவருக்கு இன்னும் கண்ணுக்கு எட்டிய வரைக்கும் நிலம். எல்லாம் வேறு வேறு பெயரில். அதைப் பிரித்துக் கொடு என்று நம் தெருவில் நாற்பத்தாறு குடும்பமும் மனுப் போடுகிறோம். ஒரு மனுவுக்கு மூன்று நகல் வேண்டுமாம். நான் எழுதினால் ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான் கொள்ளும், உனக்கே தெரியும். அம்சம்தான் எழுதுகிறாள்.

வீடு வீடாக உட்கார்ந்து எழுதுகிறாள். கடைசி வீட்டுக் கிழவியிடம் வயது கேட்டாள். "எனக்கு வயசு யாரு வச்சா? பெரிய புயல்ல நான் ரெண்டு புள்ளக்காரி" என்றது. இவள் கணக்குப் போட்டு நாற்பத்தொன்பது என்று எழுதினாள். சங்கத்துச் செயலாளர் மருதையன் அவள் எழுத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது கலெக்டரு எழுதுன மாதிரில்ல இருக்கு" என்றான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துக்கொள்.

படிப்பு எதற்கு? இதற்கும்தானே. மனு முடிந்ததும் அனுப்புகிறேன். நீதான் ரிஜிஸ்டர் வைத்திருக்கிறாய், ஒரு வாரத்துக்கு உன் பேனா வளையாதா?

வீரையன்


செம்பியநல்லூர்,
6-2-1972

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்சம் இரண்டாம் தேதி வந்து சேர்ந்தாள். ஒரு வாரம் என்றது ஒரு மாதம் ஆயிற்று. விரலில் பேனா அழுத்திய இடம் காய்த்துப்போயிருக்கிறது.

என் பேனா வளையாதா என்று கேட்டிருந்தீர்கள். வாரத்தில் இரண்டு நாள் ஹெட்மாஸ்டர் என் ரிஜிஸ்டரை மட்டும் வாங்கிப் பார்க்கிறார். மற்ற வகுப்பு ரிஜிஸ்டர்களை அவர் கேட்பதில்லை. என் தங்கை என் வகுப்பில் இருப்பதால் அப்படி. வேறு காரணமும் இருக்கலாம்.

பதினான்கு நாள் குறைகிறது. 'வருகைக் குறைவு மன்னிப்பு' என்று ஒரு தாள் இருக்கிறது. ஹெட்மாஸ்டர் எழுதி, நிர்வாகி ஒப்புக்கொண்டு அனுப்பினால் பரீட்சை எழுதலாம். நிர்வாகி யார் என்பது உங்களுக்குத் தெரியும். நேற்று இளையபெருமாள் வீட்டுக்குப் போனேன். என்னை உட்காரச் சொன்னார். "ஒன் தங்கச்சிதானே, எழுதட்டும். நான் பாத்துக்கறேன்" என்றார். மரியாதையாகத்தான் பேசினார்.

இங்கே பரீட்சை வருஷம் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. டிசம்பரிலேயே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். முன் பெஞ்சுகள் 'தேறுவார்கள்'. பின் பெஞ்சுகள் 'பார்க்கலாம்'. மாலை நேர ஸ்பெஷல் கிளாஸ் முன் பெஞ்சுக்கு மட்டும். பள்ளிக்கூட வாசலில் போன வருஷத் தேர்ச்சி சதவீதம் பெயிண்ட்டில் எழுதியிருக்கிறது. அது இறங்கக் கூடாது. அம்சம் பின் பெஞ்சில் கூத்தாநல்லூர்ப் பெண் கமருன்னிஸாவோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் இருவருக்கும் வீட்டில் சொல்லிக் கொடுக்கிறேன்.

இனிப் பரீட்சை முடியும் வரை அவளைக் கூப்பிடாதீர்கள். இன்னொன்று. மனு விசாரணை வரும்போது நீங்கள் முன்னால் நிற்க வேண்டாம். மருதையன் பேசட்டும். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள்.

இராஜாங்கம்


கீழ நத்தமங்கலம்,
14-2-1972

மகன் இராஜாங்கத்துக்கு,

கேட்காதே என்று எழுதினால் கேட்கத்தான் தோன்றும். இளையபெருமாள் உன்னை எதற்கு உட்காரச் சொன்னார்? அவர் அப்பா காலத்திலிருந்து நாற்பது வருஷம் அந்தப் பண்ணையில் உழுதவன் நான். வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்த அன்றுகூட, "எழுந்திரிடா" என்றுதான் சொன்னார்கள்.

விசாரணை 28ஆம் தேதி திங்கட்கிழமை, நம்மூர்ச் சாவடியில். உச்சவரம்புத் தாசில்தார் வருகிறார். நாங்கள் கேட்டிருப்பது நான்கு துண்டு. அதில் ஓடைக்கரை ஐந்து ஏக்கரும் ஒன்று. உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பள்ளிக்கூடம் விட்டு எனக்குக் கஞ்சி கொண்டுவருவாயே, அந்த இடம். அது இப்போது எவன் பெயரில் இருக்கிறது என்று கர்ணம் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். அன்றைக்கு எல்லாரும் கேட்கும்படி வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. அன்றைக்குத் தெரிந்துவிடும்.

அம்சத்துக்கு அம்மா எள்ளுருண்டை கொடுத்தனுப்பியிருக்கிறாள். கணக்கு வராவிட்டால் பிள்ளையை அடிக்காதே. உனக்குச் சட்டென்று கை நீளும்.

வீரையன்


செம்பியநல்லூர்,
24-2-1972

அப்பா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இந்தத் தடவை நேராகவே எழுதிவிடுகிறேன். ஓடைக்கரை ஐந்து ஏக்கர் என் பெயரில் இருக்கிறது.

எழுபதாம் வருஷம் நான் பி.டி. பயிற்சி முடித்துவிட்டு வேலைக்கு வந்தபோது, நியமன உத்தரவுக்கு முன்னால் நான்கு தாளை நீட்டினார்கள். "இது பேருக்குத்தான். எங்க நெலம் எங்ககிட்டதான் இருக்கும். ஒனக்கு வேல இருக்கும்" என்றார் இளையபெருமாள். பண்ணையாள் மகனுக்கே நிலம் கொடுத்தேன் என்று நாளைக்கு அதிகாரியிடம் சொல்லவும் அவருக்கு வசதி. என்னோடு இன்னும் மூன்று வாத்தியார்கள் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது எனக்கு எட்டு மாதமாக வேலை இல்லை. உங்களிடம் சொல்லாததற்குக் காரணம் பயம்தான்.

ஐந்தாம் தேதி அவர் வீட்டில் பேசியது முழுவதையும் நான் எழுதவில்லை. "தங்கச்சி எழுதட்டும். ஒங்கப்பன் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருக்கணும். ஹால் டிக்கெட்டு எங்கிட்டதான் வரும்" என்றார்.

அப்பா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். இருபத்தெட்டாம் தேதி சாவடிக்குப் போகாதீர்கள். உடம்பு சரியில்லை என்று படுத்துவிடுங்கள். அல்லது மருதையனிடம் சொல்லி வாய்தா கேளுங்கள், ஒரு மாதம் போதும். பரீட்சை முடிந்த மறுநாள் நானே வந்து தாசில்தாரிடம் உண்மையைச் சொல்கிறேன். வேலை போனால் போகட்டும். நிலம் எங்கேயும் ஓடாது. இந்தப் பரீட்சை போனால் ஒரு வருஷம் போகும். வீட்டில் ஒரு வருஷம் இருந்த பெண்ணை நம் தெருவில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

அம்சத்துக்கு இது எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம். நேற்று நான் வைத்த பரீட்சையில் ஐம்பத்திரண்டு வாங்கியிருக்கிறாள்.

இராஜாங்கம்


கீழ நத்தமங்கலம்,
2-3-1972

இராஜாங்கத்துக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டு நாள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். அம்மாவிடம் காட்டவில்லை. மருதையனிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் திங்கட்கிழமை காலையில் படுத்திருந்தேன். நம்பு. மருதையன் வந்து, "மொத மனு ஒங்களுதுண்ணே, நீங்க இல்லாம எப்புடி?" என்று கையைப் பிடித்து எழுப்பினான். போய்ப் பின்னால் உட்கார்ந்தேன். கர்ணம் ஒவ்வொன்றாக வாசித்தான். "ஓடைக்கரை, ஐந்து ஏக்கர் இருபது சென்ட், பட்டாதாரர் வீரையன் மகன் இராஜாங்கம், ஆசிரியர்" என்றான். சர்க்கார் காகிதத்தில் என் பெயரை இதற்கு முன் இரண்டு தடவை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். இரண்டும் கேஸ்.

சாவடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. யாரும் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கடைசி வீட்டுக் கிழவி மட்டும், "ஒன் நெலத்தையா வீரையா நாங்க கேட்டு மனுப் போட்டோம்?" என்று கேட்டது. கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது.

எழுந்துவிட்டேன். "அவன் எம் மவன்தாங்கய்யா. அந்த நெலத்துல அவன் கஞ்சிப் பானையோட எறங்கியிருக்கான், வேற எதுக்கும் எறங்குனதில்ல. வெளஞ்ச கண்டுமுதல் பூரா பண்ணைக் களத்துக்குத்தான் போவுது. இது பினாமி" என்றேன். தாசில்தார் எழுதிக்கொண்டார். உன் கடிதத்தை நான் காட்டவில்லை. இடுப்பிலேயே இருந்தது. அந்த அளவுக்கு உனக்காகப் பார்த்தேன்.

பேசாமல் இருந்திருந்தால் தெருவே, அப்பனும் மகனும் சேர்ந்து தின்றார்கள் என்று நினைக்கும். நான் எப்படி இங்கே குடியிருப்பது? அம்சத்துக்கு டிக்கெட் கொடுக்காமல் விட மாட்டார்கள். சர்க்கார் பரீட்சைதானே, அவர் அப்பன் வீட்டுப் பரீட்சையா?

கொடுத்ததும் ஒரு கார்டு போடு.

வீரையன்


செம்பியநல்லூர்,
17-3-1972

அப்பாவுக்கு,

டிக்கெட் கொடுக்கவில்லை.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஹெட்மாஸ்டர் கூப்பிட்டு, மன்னிப்புத் தாளில் நிர்வாகி கையெழுத்துப் போடவில்லை என்றார். ஒரு வாரம் இளையபெருமாள் வீட்டு வாசலில் நின்றேன். பிறகு பண்ணைக் காரியக்காரர் வந்து, "தாலுக்கா ஆபீஸ்ல போய் நெலம் ஒன்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டு வா, பாப்போம்" என்றார். எட்டாம் தேதி போனேன். நிலம் என்னுடையது, டியூஷன் வருமானத்தில் வாங்கினேன், என் தகப்பனார் சங்கத்துக்காரர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு என்மேல் உள்ள விரோதத்தில் பொய் சொல்கிறார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வரி வரியாக எழுதுகிறேன், பிறகு யார் மூலமாகவோ நீங்கள் கேட்க வேண்டாம் என்பதற்காக.

அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அம்சத்தின் தாளில் கையெழுத்து விழவில்லை.

நேற்று ஹால் டிக்கெட் வந்தது. வகுப்பு வாத்தியார்தான் கொடுக்க வேண்டும். முப்பத்தெட்டுப் பேர் வகுப்பில் முப்பத்தேழு டிக்கெட்டை நான் பெயர் கூப்பிட்டுக் கொடுத்தேன். அம்சம் கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எல்லாம் கொடுத்து முடித்ததும் அவளே எழுந்து, "எனக்கு?" என்றாள். "வருகைக் குறைவு" என்றேன். ஹெட்மாஸ்டர் சொன்ன அதே வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். நிலம், உங்களுக்கு எழுதிய கடிதம், சாவடி, தாலுக்கா ஆபீஸ். அவள் அழவில்லை. "நிர்வாகியோட அக்கா மவன் முப்பது நாளா வரல. அவனுக்கு எப்புடிண்ணே வந்துச்சு?" என்று கேட்டாள். அவனுக்கு முப்பது நாளும் 'வ' போட்டது நான்தான். அவளுக்குத் தெரிந்துதான் கேட்டாள். அதே வகுப்பில்தானே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கமருன்னிஸா வீட்டுக்குக் கூத்தாநல்லூர் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை.

நீங்கள் நாற்பத்தாறு குடும்பத்துக்காக எழுந்து நின்றதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை நீங்களே படித்துப் பாருங்கள். தெரு என்ன நினைக்கும், எப்படிக் குடியிருப்பது என்றுதான் இருக்கிறது. இரண்டு நாள் முன்பே அவர்களிடம் சொல்லியிருந்தால் உங்கள் பெயரும் கெட்டிருக்காது, வாய்தாவும் கேட்டிருக்கலாம். நீங்கள் மறைத்தீர்கள், பிறகு மறைத்ததை மறைக்கப் பேசினீர்கள். என்னைச் சொல்வதற்கு உங்களுக்கு என்ன இருக்கிறது?

இராஜாங்கம்


கீழ நத்தமங்கலம்,
2-4-1972

இராஜாங்கத்துக்கு,

வீரையன் பொய் சொல்கிறான் என்று என் மகன் எழுதிக் கொடுத்த தாளைத் தாலுக்கா ஆபீஸில் மருதையனுக்குப் படித்துக் காட்டினார்களாம். அவன் வந்து என்னிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து வேறொருவன் சொன்னான். ஊரில் என்னைப் பார்த்து இரக்கப்படுகிறார்கள். இளையபெருமாளின் அப்பன்கூட எனக்கு இதைச் செய்ததில்லை.

கூலியைக் கையில் வாங்காமல் களத்தை விட்டு வெளியே வராதே என்று சின்ன வயதில் உனக்குச் சொல்லியிருக்கிறேன். நீ பொய்யை முதலில் கொடுத்துவிட்டு டிக்கெட்டுக்குக் கை நீட்டியிருக்கிறாய். பி.டி. படித்தவன்.

இதை எழுதிவிட்டுக் கடிதத்தை முடித்துவிடலாம் என்று இருந்தேன். அம்சத்தைப் போய்ப் பார்த்தேன். அதையும் எழுத வேண்டியிருக்கிறது.

கமருன்னிஸாவின் அம்மா ஜன்னத் பீவி என்னை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். வீட்டுக்காரர் பினாங்கில் இருக்கிறார். டீ கொடுத்துவிட்டு, "ஒங்க மவ எங்க புள்ளைங்க நாலு பேருக்கும் பாடம் சொல்லிக் குடுக்குதுங்க. நாங்க அதுக்குச் சோறு போடுறோம்னு நெனக்காதீங்க" என்றார்கள். அந்த வாரம்தான் கமருன்னிஸா பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மறுநாள் பாடத்தை ஒப்பிக்க, நம் பெண் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சரி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனதும் புத்தகத்தை மூடவில்லை. அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தாள்.

வீட்டுக்கு வா என்றேன். "அண்ணன் எழுதுன லெட்டர் சனிக்கெழமையே வந்துருச்சாமே. எங்கிட்ட ஏன் சொல்லல? செம்பியநல்லூர் எவ்வளவு தூரம்?" என்றாள்.

உன் படிப்பு கெடும் என்றுதான் சொல்லவில்லை என்றேன்.

"நீங்க சாவடில பேசுனது சரிதாம்ப்பா. எங்கிட்டக் கேட்டிருந்தா நானே பேசச் சொல்லியிருப்பேன். அடுத்த வருசம் எழுதிக்கிறேன்னு சொல்லியிருப்பேன். இப்ப அதச் சொல்றதுக்கு எனக்கு எடம் இல்லாமப் பண்ணிட்டீங்க" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. ஓடம்போக்கி ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பி நடந்து வந்தேன்.

உன் பயத்தைத் தங்கை மேல் பாசம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். அதைத்தான் உனக்கு எழுத வந்தேன். எழுதியாயிற்று. எனக்கு நானே என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எழுத எனக்கு எழுத்து போதாது.

இனி நீ எழுதினால் அம்மா பெயருக்கு எழுது. மருதையனின் மகன் படித்துக் காட்டுவான்.

வீரையன்


செம்பியநல்லூர்,
15-4-1973

அப்பாவுக்கு,

அம்மா பெயருக்கு எழுதச் சொன்னீர்கள். அம்மாவிடம் சொல்லக்கூடிய விஷயமாக ஒரு வருஷத்தில் எதுவும் இல்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். படிக்காமல் வைத்தாலும் சரி.

மனு ஆகஸ்டில் தள்ளுபடியானது உங்களுக்குத் தெரியும். உத்தரவின் நகலைப் பார்த்தேன். என் வாக்குமூலத்திலிருந்து இரண்டு வரி எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஓடைக்கரையில் இந்தத் தையிலும் பண்ணை ஆட்கள்தான் அறுத்தார்கள். நான் பட்டாதாரன், வரப்பில்கூடப் போய் நிற்கவில்லை. பரீட்சை முடிந்த மறுநாள் உண்மையைச் சொல்வேன் என்று உங்களுக்கு எழுதியிருந்தேன். எழுதிக் கொடுத்ததை மாற்றினால் கேஸ் என்றார்கள். வேலையும் போகும். இரண்டில் எதற்குப் பயந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

போன மாதம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை நடந்தது. தனியாகப் பணம் கட்டி எழுதுகிறவர்களுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில்தான் இடம். கணக்குப் பரீட்சை அன்று நான் மேற்பார்வை. அறைக்குள் போய் நம்பர்களைச் சரி பார்த்துக்கொண்டே வந்தேன். ஜன்னலோரம் மூன்றாவது மேஜையில் அம்சம். உறவினர் எழுதும் அறையில் மேற்பார்வை பார்க்கக் கூடாது என்பது விதி. வெளியே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இன்னாருக்கு இன்னார் என்று அவள் பெயர் மறுபடியும் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போகும். பேசாமல் இருந்துவிட்டேன். நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்று இதிலும் எனக்குத் தெரியவில்லை.

இளைத்திருக்கிறாள். நிமிராமல் எழுதினாள். நான் சொல்லிக் கொடுத்த முறையில் ஒரு கணக்கும் போடவில்லை. வேறு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அல்லது அவளே பழகியிருக்கிறாள். சுருக்கமான முறை. நன்றாகவே இருந்தது.

ஒன்றரை மணி நேரம் போனதும் கை தூக்கினாள். பக்கத்தில் போனேன். "சார், பேப்பர்" என்றாள்.

கூடுதல் தாளைக் கொடுத்தேன். தாள் கட்ட நூல் வேண்டுமா என்று கேட்டேன். "இருக்குங்க சார்" என்றாள். மற்ற பிள்ளைகளுக்காக அப்படிக் கூப்பிட்டாளோ என்று மணியடித்த பிறகு வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன். என்னைத் தாண்டித்தான் போனாள். அவளைக் கூட்டிப்போக வந்திருந்த கமருன்னிஸா மட்டும் திரும்பிப் பார்த்து வணக்கம் வைத்தது.

அவள் தேறிவிடுவாள். மேலே படிக்க வைக்க நான் இருக்கிறேன் என்று அவளிடம் நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

இராஜாங்கம்


கீழ நத்தமங்கலம்,
24-6-1973

இராஜாங்கத்துக்கு,

படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். 'சார்' என்ற இடத்தில் அவள் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அம்சம் தேறிவிட்டாள். கணக்கில் எழுபத்தொன்று. பேப்பரில் நம்பர் வந்த அன்று அவள் யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. ஜன்னத் பீவி ஆள் விட்டுச் சொன்னார்கள். தெருவில் முதல் பெண். மருதையன் கொட்டு அடிக்கலாம் என்றான், வேண்டாம் என்றேன். மனு எழுதி வாங்கிய கிழவி மட்டும் ஒரு சேவலைக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போயிற்று. அதை நாங்கள் அறுக்கவில்லை.

நீ சொல்லச் சொன்னதைச் சொல்லப் போனேன். தஞ்சாவூரில் பெண்கள் ஆசிரியப் பயிற்சிக்கு மனுப் போடப் போகிறாள். சர்க்கார் உதவித்தொகை, ஹாஸ்டல், எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறாள். அண்ணன் செலவு செய்கிறேன் என்கிறான் என்றேன். "தேவைப்படலப்பா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரனிடம் சொல்வது போலச் சொன்னாள்.

மனுவைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். அதே எழுத்து, இன்னும் திருத்தமாக. கீழே, பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து என்று ஒரு இடம் இருந்தது. நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். அதற்காகவே மருதையனிடம் வாங்கிப் போயிருந்தேன்.

"போட்டாச்சுப்பா" என்றாள்.

அந்த இடத்தில் ஒரு கட்டை விரல் ரேகை இருந்தது. பக்கத்தில் அம்சத்தின் கையெழுத்தில், ஜன்னத் பீவி, கூத்தாநல்லூர் என்று எழுதியிருந்தது. ஜன்னத் பீவிக்கு எழுதத் தெரியாது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன். அம்சம் எனக்கு டீ போட உள்ளே போனாள். இதை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

வீரையன்